பழைய காரோடு ஆர்.சி. புத்தகத்தையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து விற்பது பற்றி அவ்வப்போது செய்திகளும் கட்டுரைகளும் வருகின்றன. பர்மாத் தேக்குத் தூண், நிலைக்கதவு, ஆத்தங்குடிக் கல், ரவிவர்மா படம் என்று எல்லாவற்றுக்கும் பரிந்து பேச ஆள் இருக்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அவற்றுக்கு விலையும் இருக்கிறது. அதே வீடுகளின் ஓரத்தில், ஓட்டுக் கொட்டகைக்குள் டயர் காற்றிறங்கிக் கிடக்கும் கார்களுக்காகப் பேசத்தான் யாரும் இல்லை. பங்கு பிரிக்கும்போது காயலான் கடைக்காரர் வருவார், கிலோவுக்கு இவ்வளவு என்பார், மறுநாள் கொட்டகை காலியாகிவிடும்.

நான் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் டிரைவராக இருந்தார். அவர் ஓட்டியது 1967ஆம் வருட ஃபியட் 1100 டிலைட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் செய்த வண்டி. பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று ஊரெல்லாம் ஓடியதும் இதே வம்சம்தான். பணம் கட்டிவிட்டுக் காருக்காக வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வீடு பாகமாகும்போது இந்த வண்டிக்கும் எடைக்குத்தான் விலை பேசினார்கள். மொத்தமே ஒரு டன் வராத வண்டி, என்ன கிடைத்துவிடும்? அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு, “உங்க அப்பா கையில ஓடுன வண்டி ஆத்தா, காயலான் கடைக்குப் போக வேணாம், நீயே எடுத்துக்க” என்றார்கள். அதுவரை நான் ஸ்பேனர் பிடித்ததில்லை. வண்டி ஓட்டத் தெரியும், அவ்வளவுதான்.

இப்போது அந்த வண்டியின் என்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது. பாடி இன்னும் பிரைமர் பூச்சோடு நிற்கிறது. வேலை முடியட்டும், அப்புறம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இதற்குள் எங்கள் பக்கத்திலேயே ஒரு பழைய அம்பாசடரும் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் எடைக்குப் போய்விட்டன. ஹெரால்டு நம் சென்னைக்குப் பக்கத்தில், வண்டலூரில் செய்த கார். முன்பக்கம் மட்கார்டோடு சேர்ந்து முழுசாகத் தூக்கித் திறக்கும். 1970களோடு அந்த வண்டிகள் நின்றுவிட்டன, போனது போனதுதான். அதனால் தாமதிக்காமல் இப்போதே எழுதுகிறேன்.

“தெரியாதவர் கையில் கொடுத்தால் இருப்பதும் கெட்டுவிடும்” என்று சொல்லித்தான் பல வீட்டார் காரை யாருக்கும் தராமல் கடைசியில் இரும்புக்குத் தருகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் தெரியாதவர் தெரிந்துகொள்ள இந்தப் பகுதியிலேயே வழி இருக்கிறது என்பதை நான் நேரில் கண்டேன். காரைக்குடியில் எழுபது வயது தாண்டிய ஒரு மெக்கானிக் அண்ணனும், அவரோடு சிறு வயதிலிருந்தே வேலை பார்த்த, வண்டித் தகரத்தைத் தட்டிச் சரிசெய்யும் ஒரு டிங்கர் பாயும் எனக்கு வாத்தியார்களாக வாய்த்தார்கள். என் வண்டியைத் தொடும் முன் இருவரும் சேர்ந்து ஒரு காலைப்பொழுது முழுக்க அதைச் சும்மா பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், பாய் கதவின் கீழ்ப்பகுதியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். மேலே தட்டியபோது தகரம் டங்கென்று கேட்டது. கீழே நான்கு விரல் உயரத்தில் சத்தம் செத்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்து அங்கே வைத்தார். ஒட்டாமல் விழுந்தது. “டீச்சர், இங்க தகரமே இல்ல, பட்டி மேல பட்டி” என்றார். பட்டி என்பது பள்ளத்தை நிரப்பப் பூசும் பூச்சு, அதில் காந்தம் ஒட்டாது. கதவின் அடியில் மழைத் தண்ணீர் வடிவதற்கென்று சின்னத் துளைகள் உண்டு. அதில் சருகும் மண்ணும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நின்று தகரத்தை உள்ளிருந்து தின்றுவிடும். வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். அதேபோல மிதியடிக்குக் கீழே, ஆசிட் சிந்திய பேட்டரித் தட்டுக்குக் கீழே, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில். முதலில் பார்க்க வேண்டிய இடங்கள் இவைதான். பழைய கார் வாங்க நினைக்கும் எவரும் ஒரு காந்தத்தோடு போனால் போதும், பாதி உண்மை தெரிந்துவிடும்.

செட்டிநாட்டுக் கார்களுக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. இது வறண்ட பூமி. கடற்கரை ஊரில் உப்புக்காற்று பட்டு நின்ற காரோடு ஒப்பிட்டால் இங்கே கொட்டகையில் நின்ற காரின் தகரம் நன்றாகவே இருக்கும். வெயிலிலும் உலர்ந்த காற்றிலும் பாழாவது ரப்பரும் ரெக்சினும்தான், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். சீட்டுக்குள் இருக்கும் தேங்காய் நாரை எலி விட்டு வைப்பதில்லை, அதையும் மாற்றலாம். தகரம் போனால்தான் பெரிய செலவு. இங்கே கிடக்கும் கார்களை எடைக்குப் போடுவது எனக்குப் பொறுக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் என்ஜின். பல வருடம் நின்ற என்ஜினைப் பார்த்ததும் புது பேட்டரி வைத்து ஸ்டார்ட் அடித்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை வரும். மெக்கானிக் அண்ணன் பேட்டரியைக் கொட்டகைக்குள்ளேயே கொண்டுவர விடவில்லை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு ஊற வைத்தார். பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருப்பிடித்து ஒட்டியிருந்தால், ஸ்டார்ட்டர் மோட்டார் போட்டு இழுக்கும்போது ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஊறிய பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு என்னையே மெதுவாகத் திருப்பச் சொன்னார். முதலில் அசையவில்லை; பலத்தைக் காட்டாதீர்கள் என்று சொல்லி மறுபடி ஆயில் விட்டார். கடைசியில் அது ஒரு இழை நகர்ந்தது என் உள்ளங்கையில் தெரிந்தது. 1089 சிசி, நாலு சிலிண்டர், தீப்பொறி வரிசை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. இந்த வரிசையைப் பள்ளியில் தனிம அட்டவணை சொல்லிக்கொடுத்ததைப்போல அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்து, பிளக் வயர் ஒவ்வொன்றிலும் துணி நாடா கட்டி எண் எழுத வைத்தார்.

டேங்கில் மிச்சமிருந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் ஆகிப்போயிருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சின்னத் துளைகளான ஜெட்டுகளிலும் அதே பிசின். இதில் புதிதாக ஒரு கவலையும் சேர்ந்திருக்கிறது. இப்போது பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். 1960களின் ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் எத்தனாலை நினைத்துச் செய்தவை அல்ல. ஊறி, உப்பி, கசியும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும், டேங்க் சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும் பழைய பிசினையும் கரைத்துக்கொண்டுவந்து ஜெட்டை அடைக்கும். அதனால் பெட்ரோல் குழாய் அத்தனையையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் மாற்றிவிட வேண்டும். வண்டி நிற்கப்போகிறது என்றால் டேங்கை வடித்துவிட வேண்டும். குழாய்ச் செலவு சொற்பம். சூடான என்ஜின் மேல் பெட்ரோல் கசிந்தால் ஆவது சொற்பமில்லை.

பிரேக் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த வண்டிக்கு நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், நாலுக்கும் ஒரே ஆயில் ஓட்டம். ஒரு வீல் சிலிண்டரில் வாஷர் போனாலும் நாலு பிரேக்கும் போய்விடும். என்ஜினைக் கிளப்பிய உற்சாகத்தில் தெருவை ஒரு சுற்று வரத் தோன்றும். பிரேக் வேலை முடியாமல் போகவே கூடாது. இன்னொன்று. பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதுவதும் கம்ப்ரசர் காற்று அடிப்பதும் நம் பட்டறைகளில் சாதாரணம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், முகக்கவசம் போடுங்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்கு நான் திருப்பிச் சொல்லிக்கொடுத்தது இந்த ஒன்றுதான். இப்போது அவர் பட்டறையில் ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் இருக்கிறது. அதேபோல, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம். ஸ்டாண்டு போட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

பெயிண்ட் வேலை கடைசி. இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நிறையப் பேர் முதலில் பெயிண்டில் காசைக் கொட்டிவிட்டு, என்ஜினுக்கும் பிரேக்குக்கும் பணமில்லாமல் வண்டியை மறுபடி கொட்டகையில் நிறுத்திவிடுகிறார்கள். துருவின் மேல் அடிக்கும் பெயிண்ட் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்துப்போகும். மேலே எந்தப் பூச்சு இருந்தாலும் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

சின்னச் சின்ன இரும்புச் சாமான்களின் துருவை நானே எடுத்தேன். பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் டிரம், அது நிறையத் தண்ணீர், லிட்டருக்கு நாலைந்து கிராம் வீதம் சலவைச் சோடா, ஒரு பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை நெகட்டிவில் தொங்கவிட்டு, பழைய இரும்புத் தகடு ஒன்றை பாசிட்டிவில் மாட்டினேன். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கொஞ்ச நேரத்தில் சாமானைச் சுற்றி நுரை கட்டும், தண்ணீர் காவி நிறமாகும். ராத்திரிக்குள் செந்துரு கறுத்து இளகிவிடும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் உள்ளே இருக்கும் இரும்பு அப்படியே வெளிவரும். கதவுக் கீல் ஒன்றில் அச்சடித்திருந்த எண் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கழுவித் துடைத்த கையோடு பிரைமர் அடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கண்ணெதிரே மறுபடி துருப்பிடிக்கும். நுரையாக வருவது ஹைட்ரஜன். அதனால் திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. பாசிட்டிவில் எவர்சில்வர் மாட்டவே கூடாது, அதிலுள்ள குரோமியம் விஷமாகித் தண்ணீரில் இறங்கும். ஸ்பிரிங்குகளை இதில் போடாதீர்கள். ஹைட்ரஜன் உள்ளே புகுந்தால் உறுதியான எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

இந்த வேதியியலுக்கு இந்தியாவிலேயே பெரிய ஆய்வுக்கூடம் எங்கே இருக்கிறது? நம் காரைக்குடியில். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். நாமெல்லாம் சிக்ரி என்று சொல்லிப் பழகியது. இரும்பு அரிக்காமல் காப்பது அவர்களுடைய முக்கியமான ஆய்வுத் துறைகளில் ஒன்று. சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாளான செப்டம்பர் 26ஐயொட்டி ஆய்வுக்கூடங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் வழக்கம் உண்டு. அந்த நாளில், துருவை எடுப்பது, எடுத்தபின் எந்தப் பூச்சை எந்த வரிசையில் பூசுவது என்று டிங்கர்களுக்கும் பெயிண்டர்களுக்கும் என் போன்ற புதியவர்களுக்கும் தமிழில் ஒரு மேசை போட்டுச் சொல்லிக்கொடுத்தால் என்ன? கார் மட்டுமில்லை, இந்த ஊர் வீடுகளின் இரும்புக் கிராதிகளுக்கும் அது உதவும். விஞ்ஞானிகளும் டிங்கர் பாயின் காதைப் பார்த்துக் கொஞ்சம் ஆச்சரியப்படுவார்கள் என்று நம்புகிறேன்.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். என் வண்டியில் கஷ்டமான பகுதி துருவும் இல்லை, என்ஜினும் இல்லை. காகிதம்தான்.

ஆர்.சி. புத்தகம் வீட்டின் இரும்புப் பெட்டியில் பத்திரங்களோடு இருந்தது, அது என் அதிர்ஷ்டம். ஆனால் அதில் இருந்த பெயர் எப்போதோ காலமாகிவிட்ட பெரியவருடையது. உரிமையாளர் இறந்துவிட்டால் முதலில் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அந்த வாரிசு விற்றாலோ கொடுத்தாலோ படிவம் 29, 30. சட்டத்தில் இது இரண்டு வரி. செட்டிநாட்டு வீட்டில் அப்படியா? பங்காளிகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், இன்னொருவர் அமெரிக்காவில். நகரச் சிவன் கோயில் விசேஷத்துக்கோ கல்யாணத்துக்கோ எல்லாரும் கூடும்போதுதான் கையெழுத்து வாங்க முடியும். ஆச்சி முன்நின்று வாங்கிக் கொடுத்ததால் எனக்கு ஆயிற்று. காரைத் தரலாம் என்று நினைக்கும் வீட்டாருக்கு என் வேண்டுகோள்: பாகப் பத்திரத்தில் கையெழுத்துப் போட எல்லாரும் கூடியிருக்கும் அன்றைக்கே கார் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். காகிதம் இல்லாத கார் எவ்வளவு நல்ல தகரமாக இருந்தாலும் காயலான் கடைக்குத்தான் போய்ச் சேரும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பழமையான வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது பலருக்குத் தெரியாது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வாடகைக்கு ஓடாத கார்களையும் இருசக்கர வண்டிகளையும் வின்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிதாகப் பதியக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபடி பதிய 5,000 ரூபாய். முன்பே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்பா துடைத்துத் துடைத்து வைத்திருந்த அந்த மூன்றெழுத்து எண் பலகை போகாது என்று தெரிந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்குச் சாலையில் எடுக்கலாம். தினசரிப் பயணத்துக்கு எடுக்கக் கூடாது. தினமும் ஓட்ட நினைப்பவர்கள் வழக்கம்போல ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் வழியில்தான் போக வேண்டும்.

இந்த விதியின் உயிரான பகுதி ஒன்று உண்டு: சேஸிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பெரிதாக மாற்றப்படாமல் மூலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். வேறு ஊரில் ஒரு பட்டறையில் என் வண்டியைப் பார்த்தவுடனே, “இந்த என்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற புது என்ஜின் வெச்சிரலாம்மா, ஏசியும் போட்டுக்கலாம்” என்றார்கள். அப்படிச் செய்திருந்தால் வின்டேஜ் பதிவு என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. பழைய காரை முதல்முறை எடுத்துச் செய்பவர்கள் இதை எழுதி ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களும் இந்த விதியைத் தமிழில், வாசலிலேயே ஒட்டி வைத்தால் பல வண்டிகள் பிழைக்கும்.

ஐ.டி.ஐ.களுக்கும் ஒரு வார்த்தை. மோட்டார் மெக்கானிக் பிரிவுப் பிள்ளைகள் சென்சாரையும் ஸ்கேனரையும் படிக்கட்டும், அதுதான் அவர்களுக்குச் சோறு போடும். ஆனால் தீப்பொறிக்கான பாயிண்டின் இடைவெளியைச் சரியாக வைக்கவும், கார்புரேட்டரைக் காதால் டியூன் செய்யவும், கேஸ் வெல்டிங்கில் தகரம் சுருங்காமல் ஒட்டவும் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். எல்லாருமே முதியவர்கள். மாதம் ஒரு நாள் அவர்களை வரவழைத்து, மரியாதையாக ஒரு சன்மானமும் கொடுத்து, பிள்ளைகள் முன்னால் வேலை செய்யச் சொல்லுங்கள். டிங்கர் பாயின் மகன் வெளிநாட்டில் இருக்கிறார். பட்டறையில் இப்போது அவருக்கு எடுபிடியாக இருப்பது நான்தான்.

கடைசியாக ஒரு சொந்த வேண்டுகோள். என் வண்டிக்கு இடப்பக்கப் பின்விளக்கின் கண்ணாடியும், முன்கண்ணாடியைச் சுற்றி வரும் வெள்ளை உலோகப் பட்டையும் இன்னும் கிடைக்கவில்லை. பத்மினி சாமான் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிறது, ஆனால் இந்த இரண்டும் பழைய மாடலுக்கென்றே வந்தவை. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் எந்த வீட்டுக் கொட்டகையிலாவது டிலைட் ஒன்று சரிசெய்ய முடியாத நிலையில் கிடந்தால் உங்கள் நாளிதழ் வழியாகத் தெரியப்படுத்துங்கள். சரிசெய்யும் நிலையில் இருந்தால் எனக்குத் தர வேண்டாம். அதை எடுத்துச் செய்ய ஆசைப்படும் யாருக்காவது ஆர்.சி. புத்தகத்தோடு கொடுங்கள், அண்ணனையும் பாயையும் அழைத்துக்கொண்டு நான் வந்து பார்த்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
கானாடுகாத்தான்